ஆய்வாளர்களோடு ஒரு பின்னேரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஓர் ஆய்வாளரை அழைத்து, அவர் புதிதாகச் செய்த வேலையைப் பற்றிப் பேச வைக்கிறோம். வரலாறு, சமயம், அரசியல், பண்பாடு எதுவாகவும் இருக்கலாம். வருபவர்கள் வாசலிலும் தேநீர் நேரத்திலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்தக் கேள்விகளுக்கு அவ்வளவு இடம் வேண்டும்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

மூன்றரைக்குத் தொடங்குவோம். ஆய்வாளர் நாற்பது நிமிடம் பேசுவார். அப்புறம் தேநீர். அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் முழுக்கக் கேள்விகளுக்கு. அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் இந்தக் கூட்டத்தையே நடத்துகிறோம்.

பேச வருபவருக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. தன் ஆய்வுக்கு ஆதாரமான ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். கல்வெட்டின் படி, பழைய கடிதம், தோம்பின் (ஒல்லாந்தர் காலப் பதிவேட்டின்) ஒரு பக்கம், ஒலிப்பதிவு செய்த ஒரு தாலாட்டு, எதுவானாலும் சரி. அதைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுப்போம். முடிவை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் அது இன்னொருவர் சொன்ன கதையாகவே இருந்துவிடும். ஆதாரத்தை நம் கண்ணால் பார்த்து, "இதிலிருந்து எப்படி அங்கே போனீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

நான் கடை வைத்திருந்தவன். பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. நான் வந்து என்ன செய்ய?

கட்டாயம் வாருங்கள். உங்களைப் போன்றவர்கள் ஏன் வேண்டும் என்பதற்குக் கொழும்பிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

கீழைநாடுகளை ஆராயும் சங்கமான ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளை 1845இல் இங்கே தொடங்கியது. 1888இல், அப்போது சட்டவாக்க சபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன், அதற்காக ஒரு கட்டுரை வாசித்தார். இலங்கைச் சோனகர் (இங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர்) இனத்தால் தமிழர், சமயத்தால் மட்டுமே வேறானவர் என்பது அதன் சாரம். அவர்கள் பேசும் மொழியையும் வழக்கங்களையும் சான்றாகக் காட்டினார். முஸ்லிம்களுக்குச் சபையில் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி சூடாக இருந்த காலம் அது. அடுத்த ஆண்டே, 1889இல், அந்த ஆசனம் கிடைத்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அக்கட்டுரைக்கு எழுதிய விரிவான மறுப்பு 1907இல் வெளிவந்தது. இடையில் 19 ஆண்டுகள்.

இருவரில் யார் சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. அந்த 19 ஆண்டுகள்தான் என் மனதை உறுத்துகின்றன. ஒரு சமூகத்தைப் பற்றி ஒருவர் பேசும்போது, அந்தச் சமூகத்தவர் அதே அறையில் இருந்து, "ஐயா, எங்கள் வீட்டில் அப்படி இல்லையே" என்று அப்போதே சொல்ல வேண்டும். அதற்குத்தான் கதிரை போடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஓர் இளம் ஆய்வாளர் பழைய தமிழ்க் கடைக் கணக்கு ஒன்றின் பக்கத்தைக் கொண்டுவந்தார். தொகைகளுக்குப் பக்கத்தில் ௷ என்ற குறி வந்துகொண்டே இருந்தது. அதை அவரால் வாசிக்க முடியவில்லை, அப்படியே விட்டிருந்தார். பின்வரிசையில் இருந்த ஐயா, புறக்கோட்டையில் நாற்பது வருடம் கடை நடத்தியவர், எழுந்து, "தம்பி, அது வரவு. கீழே வருகிறது பாருங்கள், ௶, அது பற்று" என்றார். வரவு எது, பற்று எது என்று தெரிந்ததும் யார் யாருக்குக் கடன் கொடுத்தார் என்பதே தலைகீழானது. அந்த ஆய்வாளர் கட்டுரையைத் திருத்தி எழுதினார்.

வரலாறு நடந்து முடிந்ததுதானே? அதில் புதிய ஆய்வு என்று என்ன இருக்கிறது?

நடந்தது மாறாது. ஆனால் நமக்குக் கிடைக்கும் சான்று கூடும், நாம் கேட்கும் கேள்வி மாறும். இதை விளக்க நான் எப்போதும் ஒரு கல்லைத்தான் காட்டுவேன். பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் நீங்களே போய்ப் பார்க்கலாம்.

கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் கொண்டுவந்த கல் அது. சீனத்திலேயே வெட்டிக் கொண்டுவந்தார்கள். அதிலுள்ள தேதி 1409. பல நூறு வருடம் அது எங்கே கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. 1911இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்த நிலையில் ஒரு பொறியியலாளர் கண்டெடுத்தார். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். ஒரே செய்தியின் மூன்று மொழிபெயர்ப்புகள் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வாசித்துப் பார்த்தால் அப்படி இல்லை. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, அதாவது தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த திருமாலுக்குச் செலுத்துகிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வை வணங்குகிறது. மூவருக்கும் ஒரே மாதிரிக் காணிக்கை: 1,000 பொன், 5,000 வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று பட்டியல் போகிறது.

கல் அதேதான். கேள்வி மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை வேறாகிறது. முதலில் வாசித்தவர்களுக்கு, எழுத்தைச் சரியாகப் படித்துவிட வேண்டும் என்பதே பெரிய வேலை. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோயிருந்தது. பிறகு வந்தவர்கள் சீனத்தின் கடல் பயணங்களைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குப் பிடித்த கேள்வி இது: இலங்கையின் தென்கோடியில் வைக்கப் போகும் கல்லில், சீனத்தில் இருந்துகொண்டே, ஏன் தமிழை வெட்டினார்கள்? வெட்டியவருக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தது யார்? காலியில் அதை வாசிக்கக்கூடியவர்கள் இருந்தார்கள் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் அந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகத்தின் மொழியாக இருந்ததா, கோயிலின் மொழியாக இருந்ததா, இரண்டுமா?

தெனாவரைக் கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்தார்கள். கோயில் போய்விட்டது. கல், குப்புறக் கிடந்ததால் பிழைத்தது. "யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வெளியே தமிழுக்கு இங்கே என்ன வேலை" என்று யாராவது சொன்னால், அவரை ஒரு நாள் நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

பேச வருபவர் சொல்வது சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் கலாநிதி, நான் யார்?

கலாநிதிகளும் தவறுவார்கள், அதற்குத்தான் கேள்வி நேரம். நான் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: சான்று எப்போது, யாரால், யாருக்காக எழுதப்பட்டது?

யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் அதை நடந்ததை அப்படியே சொல்லும் நூலாக நினைக்கிறவர்கள் நிறைய. மயில்வாகனப் புலவர் அதை 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் ஆட்சியில், ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்காக எழுதினார். யாழ்ப்பாண அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் ஆட்சியைத் தொடங்கியதோ 13ஆம் நூற்றாண்டில். இடைவெளி நானூறு ஆண்டுகளுக்கு மேல். மறுபக்கம், 1344இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோப் பயணி இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியை நேரில் பார்த்துப் பேசியிருக்கிறார்; அவருடைய கப்பல்களையும் முத்தையும் பற்றிச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இப்னு பதூதாவை நம்பி வைபவமாலையைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். இப்னு பதூதாவும் ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து, நினைவிலிருந்து சொல்லி எழுதுவித்தவர்தான். வைபவமாலை 14ஆம் நூற்றாண்டுக்குச் சுமாரான சாட்சி. ஆனால் ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தவர் தங்கள் பழமையை எப்படி நினைத்துப் பார்த்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்தால் போதும். பட்டம் தேவையில்லை.

ஆங்கிலத்தில் நடத்தினால் இன்னும் பெரிய ஆட்கள் வருவார்களே?

வருவார்கள். கொழும்பில் ஆங்கிலத்தில் ஆய்வுக் கூட்டங்களுக்குக் குறைவில்லை, நாங்களும் போகிறோம். ஆனால் எந்த ஊரின் கதை சொல்லப்படுகிறதோ அந்த ஊரார் அங்கே இருப்பதில்லை.

தமிழில் சொல்லும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஆங்கிலத்தில் ரேஸ், எத்னிசிட்டி, நேஷன் என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு சுலபமாகக் கடந்துவிடலாம். தமிழில் "இனம்" என்ற ஒரு சொல் இவற்றில் பல வேலையைச் செய்கிறது. அதனால் பேசுபவர் நின்று, "நான் இங்கே இனம் என்று சொல்வது இன்னதை" என்று விளக்கியாக வேண்டும். பல பேருக்கு அந்த இடத்தில்தான் தங்கள் வாதத்தில் உள்ள ஓட்டை தெரிகிறது. பேசி முடித்ததும், "ஆங்கிலத்தில் எழுதும்போது இதை நான் யோசிக்கவே இல்லை" என்று இரண்டு மூன்று பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

கலைச்சொல் வராவிட்டால் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போங்கள். தூய தமிழ்ப் போட்டி எதுவும் இங்கே இல்லை.

சமயத்தைப் பற்றிய ஆய்வு நம் நம்பிக்கையைப் புண்படுத்தாதா?

சில நேரம் வலிக்கும். வலிக்காது என்று சொல்லி யாரையும் கூட்டிவர எனக்கு விருப்பமில்லை.

தமிழ்ப் பௌத்தம் பற்றிய உரையை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழர் அதை நாதனார் கோவில் என்பார்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள், விளக்கெரிக்கப் பசுக்களும் பணமும் கொடுத்தவர்களைப் பதிவு செய்கின்றன. சைவச் சோழர் ஆட்சியில், ஒரு பௌத்தப் பள்ளிக்கு, தமிழில் எழுதிக் கொடுத்த தானம். பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினரின் தமிழ்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே: புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டிருந்த கோயிலைத் தாங்கள் காப்பதாக அந்தப் படையினர் உறுதி கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் மண்டபத்தில் முகங்கள் இறுகும். ஏன் என்று எனக்குப் புரியும். வடக்கு கிழக்கில் ஒரு பழைய விகாரையின் எச்சம் கிடைத்தால், அடுத்தது காணி போகுமோ என்ற பயம் நிஜமானது. ஒருமுறை ஓர் அம்மா எழுந்து, "இதை ஏன் நாங்களே எடுத்துக் கொடுக்கிறோம்?" என்று நேராகவே கேட்டார். அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்கு அதற்கு மறுமொழி உண்டு. பௌத்த எச்சம் என்றால் சிங்களவர் வாழ்ந்த இடம், சைவ எச்சம் என்றால் தமிழர் வாழ்ந்த இடம் என்ற சமன்பாட்டில்தான் அந்தப் பயமே நிற்கிறது. வெல்கம் விகாரைக் கல்வெட்டுகள் அந்தச் சமன்பாட்டையே உடைக்கின்றன. நாம் பேசாமல் விட்டால் அது உடையாமல் அப்படியே இருக்கும்.

ஆறுமுக நாவலரைப் பற்றிப் பேசினாலும் இதேபோல ஒரு நெளிவு வரும். சைவத்துக்காக 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கிய அவர், அதற்கு முன் பீட்டர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளின் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர். பாதிரிமாரின் அச்சுக்கூடமும் பிரசங்க முறையும் பள்ளி நடத்தும் விதமும் எப்படி வேலை செய்கின்றன என்று உள்ளிருந்து பார்த்தவர் என்பதால்தான் அவரால் அவ்வளவு செய்ய முடிந்தது. இது அவரைச் சிறுமைப்படுத்தும் செய்தி இல்லை. என் கண்ணில் அவர் இன்னும் பெரிய ஆளாகத் தெரிகிறார்.

வழிபாட்டை ஏளனம் செய்யும் பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்க மாட்டோம். பக்தியை ஆராயலாம், பக்தரைக் கேலி செய்யக் கூடாது.

மரபணு ஆய்வு வந்துவிட்டதே, யார் முதலில் வந்தவர் என்று இப்போது தெரிந்துவிடுமா?

எந்தத் தலைப்பில் பேசினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். மரபணுவில் மொழி எழுதப்பட்டிருக்காது. ஒரு கூட்டத்தார் எங்கிருந்து வந்து யாரோடு கலந்தார்கள் என்பதைப் பற்றி அது சிலவற்றைச் சொல்லலாம். அவர்கள் வீட்டில் எந்த மொழியில் சண்டை போட்டார்கள் என்று சொல்லாது.

எழுத்தும் லேசில் வழிவிடாது. 1980இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் ஓர் ஈமப் புதைகுழியில் கிடைத்த சிறு முத்திரையில் இரண்டே வரி. கீழ்வரி பழைய பிராமி எழுத்து, அதைக் "கோவேத" என்று வாசிக்கிறார்கள். மேல்வரி வேறு குறியீடுகள். இந்தச் சின்னப் பொருளின் மீது எவ்வளவு பெரிய வாதங்கள் கட்டப்பட்டிருக்கின்றன என்று பார்த்தால், அடக்கத்தின் அருமை புரியும். முதலில் வந்தவருக்குத்தான் உரிமை என்று நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. இன்று இங்கே வாழ்கிறவருடைய உரிமைக்கு ஈராயிரம் வருடத்துச் சாட்சி எதற்கு?

அரசியல் பேசலாமா?

பேசலாம். தேர்தல் பிரசாரம் கூடாது, அவ்வளவுதான்.

போன வருடங்களில் நான் மிகவும் ரசித்த கேள்வி ஒன்று அரசியல் உரையில்தான் வந்தது. பிரித்தானியர் தந்த டொனமூர் அரசியல் யாப்பின்படி 1931இல் இலங்கையில் 21 வயதுக்கு மேற்பட்ட ஆண் பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது. அந்த ஆண்டு நடந்த தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது. அந்த யாப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்பது அவர்கள் நிலைப்பாடு. வடக்கில் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. 1934இல்தான் தேர்தல் நடந்தது. பேசியவர் தலைவர்களைப் பற்றி விரிவாகச் சொன்னார். அப்போது பல்கலைக்கழக மாணவி ஒருவர் எழுந்து, "அந்த வருடம்தானே பெண்களுக்கு முதன்முதலாக வாக்கு வந்தது. அந்தத் தொகுதிப் பெண்கள் பகிஷ்கரிப்பைப் பற்றி என்ன நினைத்தார்கள்?" என்று கேட்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. பேசியவர் நேர்மையாக, "நான் தேடவில்லை" என்றார். இப்போது அந்தப் பிள்ளை அந்தக் காலப் பத்திரிகைகளில் பெண்கள் எழுதிய கடிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒரு கூட்டத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்?

எப்போதும் யாழ்ப்பாணம்தானா? மலையகம், முஸ்லிம்கள், கொழும்புத் தமிழர்கள் எங்கே?

இந்தக் குற்றச்சாட்டு சரியானது. முதல் வருடத்தில் எங்கள் பட்டியலைப் பார்த்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது. இப்போது திருத்திக்கொண்டு வருகிறோம்.

மலையகத்தைப் பற்றி ஆய்வு செய்பவருக்கு ஒரு தனிச் சிரமம் உண்டு. தோட்டத்தைப் பற்றிய காகிதம் பெரும்பாலும் துரைமார் எழுதியது. அதில் தொழிலாளர் ஓர் எண்ணாக, செலவுக் கணக்காகத்தான் வருவார். அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னது பாட்டிலும் ஒப்பாரியிலும் இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர் நடேசையரின் மனைவி மீனாட்சியம்மாள் தோட்டத் தொழிலாளரிடையே பாட்டுப் பாடித்தான் அரசியல் பேசினார். எனவே அங்கே வாய்மொழியை விட்டால் பாதி வரலாறு இல்லை.

குடியுரிமை விஷயத்தைப் பாருங்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். எல்லாமே அரசாங்கக் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்த அன்று இரவு அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. அதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் வேகமாக எழுத வேண்டும். அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது.

முஸ்லிம்களைப் பொறுத்தவரை, அரபுத் தமிழ் எவ்வளவு பெரிய புதையல் என்பது தமிழ் படித்தவர்களுக்கே தெரியவில்லை. தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. வீடுகளில் பாட்டிமார் ஓதிய பாடல்களும் மார்க்க விளக்கங்களும் அதில் உண்டு. சித்திலெவ்வை 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகையும் இலங்கைத் தமிழ் உரைநடையின் கதையில் ஒரு முக்கிய அத்தியாயம். இலக்கிய வரலாறு என்று எழுதிவிட்டு இதை ஒரு பந்தியில் முடிப்பது அநியாயம்.

கொழும்பைப் பற்றி ஒன்று. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து ஆடிவேல் ரதம் காலி வீதியில் வருவதைப் பிள்ளைப் பருவத்தில் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே நிறையப் பேர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை எல்லாச் சமயத்தவரும் நிற்பதையும் பார்த்திருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் அந்த வரிசை திரும்பி வந்தது. இந்த நகரத்தின் தமிழ் வாழ்வை முழுதாக எழுதும் ஆய்வாளருக்காக நாங்கள் கதிரையோடு காத்திருக்கிறோம்.

சிங்கள ஆய்வாளர்கள் வருவார்களா?

வருகிறார்கள். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ பேசினால் பந்திக்குப் பந்தி தமிழில் சொல்ல ஒருவர் இருப்பார். நேரம் இரட்டிப்பாகும், பரவாயில்லை. 1979இல் வரலாற்றாசிரியர் லெஸ்லி குணவர்தன சிங்கள அடையாளம் காலத்துக்குக் காலம் எப்படி மாறி உருவானது என்று எழுதியபோது அவருக்குச் சொந்தச் சமூகத்திலிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா இலங்கைத் தமிழர் அடையாளத்தைப் பற்றி அதே வகையான கேள்வியைக் கேட்டார். தன் பக்கத்தைக் கேள்வி கேட்பவருக்கு எந்த மொழிக்காரராக இருந்தாலும் இங்கே மரியாதை உண்டு.

நானே எதையாவது தேடிப் பார்க்க வேண்டும். கொழும்பில் எங்கே தொடங்குவது?

என்ன தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆதாரக் காகிதம் வேண்டுமென்றால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடம். ஒல்லாந்தர் கால ஆவணங்களும் ஆங்கில ஆட்சிக் கோப்புகளும் பழைய பத்திரிகைகளும் அங்கேதான். ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள் அருமையானவை: காணித்தோம்பில் நிலம், தலைத்தோம்பில் அந்தக் காணிக்காரரின் குடும்பம். மொழி ஒல்லாந்தம், ஆனால் பெயர்கள் நம் பெயர்கள். முதல்முறை பார்க்கும்போது கண் கலங்கும். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள், என்ன தேடுகிறீர்கள் என்று ஒரு தாளில் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். முதல் நாள் ஒன்றும் கிடைக்காது. மூன்றாவது நாள் கிடைக்கும்.

புத்தகங்களுக்கு, 1942இல் தொடங்கி, இப்போது வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். வீட்டிலிருந்தே வாசிக்க, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம். இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் 97,000 அளவில் நூல்களோடு எரிந்ததைப் பார்த்த ஒரு சமூகம், பிரதிகளை ஒரே கட்டடத்தில் வைக்கக் கூடாது என்பதை மிகப் பெரிய விலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது.

வீட்டில் பழைய கொப்பிகள், கடிதங்கள் இருக்கின்றன. குப்பை மாதிரித்தான். ஆய்வுக்கு உதவுமா?

எறிந்துவிடாதீர்கள். தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

என் தாத்தாவுக்குப் புறக்கோட்டையில் ஒரு கடை இருந்தது. அவருடைய கணக்குக் கொப்பிகள் ஒரு தகரப் பெட்டி நிறைய வீட்டில் கிடந்தன; நீளவாக்கில் மடித்துத் தைத்த, சிவப்புத் துணி போட்ட கொப்பிகள். வீடு மாறும்போது இடம் இல்லை என்று பழைய பேப்பர்காரரிடம் நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பிற்பாடு அந்த ஐயா பின்வரிசையில் எழுந்து ௷ குறியை வாசித்தபோது எனக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தார், எந்த ஊர் வியாபாரி வருவதை எப்போது நிறுத்தினார், அரிசி என்ன விலை, எந்த மாதம் கணக்கே எழுதாமல் வெறும் பக்கமாக விட்டார். எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தது. இன்றைக்கும் சில இரவுகளில் அதை நினைத்து நித்திரை வராது.

ஆகவே உங்களிடம் இருப்பதைக் கொண்டுவாருங்கள். நாங்கள் வாங்கி வைக்க மாட்டோம். உங்கள் கண் முன்னாலேயே படம் பிடித்து, மூலத்தை உங்கள் கையிலேயே தருவோம். கடிதம், கல்யாண அழைப்பு, காணி உறுதி, கோயில் வரவு செலவு, தோட்டத்துத் துண்டு, நாட்டை விட்டுப் போனவர்கள் அனுப்பிய தபாலட்டை எதுவும் சரி. பழைய புகைப்படமானால் அதில் இருப்பவர்களின் பெயரைப் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனையால் வேண்டாம். உயிரோடு இருப்பவர்களின் குடும்ப விஷயம் இருந்தால் அதை யாருக்கும் காட்ட மாட்டோம். நீங்கள் சொல்கிற பக்கத்தை மட்டும் எடுப்போம். பூச்சி அரித்திருந்தால் பிரிக்க முயலாமல் அப்படியே ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.

நான் முதுகலை மாணவி. பேச விரும்புகிறேன், ஆனால் ஆய்வு முடியவில்லை.

முடியாத ஆய்வுதான் எங்களுக்கு விருப்பம். முடிந்ததில் நாங்கள் திருத்த என்ன இருக்கிறது? தலைப்பை இரண்டு வரியில் எழுதி, காட்டப் போகும் ஆதாரம் என்னவென்று சொல்லுங்கள். பேசுவதற்குப் பணம் கொடுக்க எங்களிடம் வசதி இல்லை. வெளியூரிலிருந்து வந்தால் பஸ் செலவு தருவோம், இரவு தங்க ஒரு வீடு பார்ப்போம்.

பிள்ளைகளைக் கூட்டிவரலாமா? கட்டணம் உண்டா? எப்படி வருவது?

கூட்டிவரலாம். கட்டணம் இல்லை. 100, 101 பஸ்கள் காலி வீதி வழியாகத்தான் போகும், வெள்ளவத்தையில் இறங்குங்கள். ரயிலில் வருபவர்களுக்கு வெள்ளவத்தை நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாக நடக்கும் தூரம்தான். படி ஏற முடியாதவர்கள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுங்கள், பின்வாசலைத் திறந்துவிடுவோம். கண்ணாடியை மறக்க வேண்டாம். பிரதி எடுத்துக் கொடுக்கும் பக்கங்களில் எழுத்து சிறியது.